செத்தால்தான் கேட்பீர்களா?

நம் பேய்ப் படங்களில் ஒரு பெண் நியாயம் கேட்க வேண்டுமென்றால் முதலில் அவள் சாக வேண்டும். சும்மா செத்தால் போதாது. எரித்தோ, புதைத்தோ, கிணற்றில் தள்ளியோ கொல்லப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு வரலாம். கத்தலாம், கண்ணை உருட்டலாம், ஆண்களைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம். தியேட்டரே விசிலடிக்கும். அதே பெண் உயிரோடு இருந்த ஃபிளாஷ்பேக்கில் அழுதாள், கெஞ்சினாள், காலில் விழுந்தாள். அப்போது அவளுக்காக யாரும் விசிலடிக்கவில்லை.

இருபது வருடங்களாகப் பேய்ப் படம், ஜப்பானிய அனிமே, அறிவியலும் மாயமும் கலந்த நாவல் என்று ஓயாமல் பார்த்தும் படித்தும் வருகிறேன். "ரெண்டு பிள்ளை பெத்தவ உட்கார்ந்து பொம்மைப் படம் பார்க்குறா பாரு" என்று வீட்டில் கேலி செய்வார்கள். இலக்கியம் படித்த நண்பர்கள் கொஞ்சம் நாகரிகமாக, "உருப்படியா ஏதாவது படிக்கலாமே" என்பார்கள். குடும்பப் படம் பெண்ணிடம் எதை எதிர்பார்க்கிறது என்று சொல்லும். பேய்ப் படம் அவளிடம் எதற்குப் பயப்படுகிறது என்று சொல்லும். எனக்கு இரண்டாவதைத் தெரிந்துகொள்வது அதிக அவசியம்.

அப்படிப் பார்த்தும் படித்தும் எனக்குத் தெரிய வந்தது இதுதான்: பெண்ணின் கோபத்துக்கும் ஆற்றலுக்கும் இந்தக் கதைகள் பெரும்பாலும் மூன்று நிபந்தனைகள் வைக்கின்றன. அவள் செத்திருக்க வேண்டும். அல்லது சிறுமியாக இருக்க வேண்டும். அல்லது ஆண் கை படாதவளாக இருக்க வேண்டும். இந்த மூன்றிலும் சேராத ஒருத்தி, அதாவது உயிரோடு, வயது வந்து, வேலைக்குப் போய், படுத்து எழுந்து, பிள்ளை பெற்று வாழும் ஒருத்தி கோபப்பட்டால், அவளுக்குக் கதையில் இடமில்லை. நாமெல்லாம் அந்த நான்காவது ஆள்தான்.

முதல் நிபந்தனையிலிருந்து தொடங்குவோம். 2005இல் வந்த 'சந்திரமுகி'யை எத்தனை முறை பார்த்திருப்போம்! காதலனின் தலையை வெட்டி, அவளையும் உயிரோடு எரித்த ராஜாவைப் பழிவாங்கத் துடிக்கிறாள் நடனக்காரி சந்திரமுகி. அந்தக் கோபம் கங்காவின் உடம்பில் ஏறுகிறது. பேய் இல்லை, மனநோய் என்று படம் சொல்கிறது. சரி. வைத்தியம் என்ன? வேட்டையன் வேடம் போட்ட மருத்துவருக்குப் பதிலாக ஒரு பொம்மையை வைத்து, அதை அவளை எரிக்க விடுகிறார்கள். பொம்மை எரிந்ததும் கங்கா நல்ல மனைவியாகக் கணவனிடம் திரும்பி வந்துவிடுகிறாள். நூறாண்டுக் கோபத்துக்கு ஒரு பொம்மை! ஜோதிகா அந்தக் காட்சியில் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் உடம்பு சிலிர்க்கும். அடுத்த காட்சியில் அவர் தலை குனிந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும்.

2011இல் வந்த 'காஞ்சனா'வில் கொல்லப்படுவது ஒரு திருநங்கை. மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்துக்காகக் கொல்கிறார்கள். செத்த பிறகும் அவளுடைய பழி தனியாக நடப்பதில்லை. ஒரு கதாநாயகனின் உடம்பு தேவைப்படுகிறது. படத்தில் செத்த திருநங்கைக்குக் கைதட்டிய அதே ஊர், பேருந்து நிலையத்தில் நிற்கும் உயிருள்ள திருநங்கையைப் பார்த்து என்ன சொல்கிறது என்பது நமக்குத் தெரியும்.

இது சினிமா கண்டுபிடித்த வழக்கமும் இல்லை. திருவாலங்காட்டுக்குப் பக்கத்திலுள்ள பழையனூரின் நீலி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பல வடிவங்கள் உண்டு. சாரம் இதுதான்: கணவனால் கொல்லப்பட்ட ஒருத்தி பேயாகத் திரும்பி வருகிறாள். அவனுடைய மனைவி என்று சொல்லிக்கொண்டு ஊர்ப் பெரியவர்களிடம் அழுது வழக்கு வைக்கிறாள். எழுபது வேளாளர்கள் அவன் உயிருக்குப் பொறுப்பேற்று அவளோடு அனுப்புகிறார்கள். அவள் அவனைக் கொன்றுவிடுகிறாள். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். இந்தக் கதையிலிருந்து தமிழ் எதை எடுத்து வைத்துக்கொண்டது? அந்த எழுபது பேரின் வாய்மையை. அப்புறம், 'நீலிக் கண்ணீர்' என்ற சொல்லை. அதற்கு நாம் வைத்திருக்கும் பொருள் பொய் அழுகை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கட்டியவனே கொன்றுபோட்ட பெண்ணின் கண்ணீர்தான் நம் மொழியில் பொய்க் கண்ணீருக்கு உதாரணம். கொன்றவனைக் குறிக்கச் சொல் இல்லை. அவன் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்? சின்ன வயதில் நான் அழுதபோதெல்லாம் "நீலி மாதிரி அழாதே" என்பார்கள். நீலி ஏன் அழுதாள் என்று யாரும் சொன்னதில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்குக் கல்லூரி நூலகம் வரை போக வேண்டியிருந்தது.

இன்னொரு வழக்கமும் நம்மிடம் உண்டு. சாதி மாறிக் காதலித்தாள் என்றோ, குடும்ப மானம் போயிற்று என்றோ கொல்லப்பட்ட பெண்கள் பலர் தென் மாவட்டங்களில் தெய்வமாக நிற்கிறார்கள். கொன்ற குடும்பத்தின் வாரிசுகளே பயந்துபோய்ப் படையல் போடுகிறார்கள். வளையல், புடவை, பூ, பொங்கல். இவற்றில் பாதியை அவள் உயிரோடு கேட்டபோது கொடுத்திருந்தால் போதுமே?

"கதைக்கு ஏன்மா இவ்வளவு கோபம்?" என்று கேட்பவர்கள் நாளிதழின் உள்பக்கத்தைத் திறந்து பார்க்கட்டும். இளம்பெண் தூக்கில் தொங்கினாள் என்று ஒரு பெட்டிச் செய்தி இருக்கும். கடைசி வரியில், திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் என்பதால் ஆர்.டி.ஓ. விசாரணை என்று இருக்கும். அந்த விசாரணை அவசியம், போராடிப் பெற்றது, அதை நான் குறை சொல்லவில்லை. 1986இல் வந்த வரதட்சணைச் சாவுச் சட்டப்பிரிவும் அப்படித்தான். மணமான 7 ஆண்டுக்குள் இயற்கைக்கு மாறாக ஒருத்தி இறந்து, சாவுக்குச் சற்று முன்பு வரதட்சணைக் கொடுமை நடந்தது தெரிந்தால், கணவன் வீட்டார்தான் காரணம் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். செத்தவளை நம்பச் சட்டம் தயாராக இருக்கிறது.

உயிருள்ளவளை? அதற்கு 1983இலேயே 498-ஏ பிரிவு வந்தது. அதற்குப் பிறகு நாம் கேட்டதெல்லாம் 'தவறாகப் பயன்படுத்துகிறார்கள்' என்ற பேச்சுதான். 2005இல் உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில், இந்தப் பிரிவைத் தவறாகப் பயன்படுத்தினால் அது சட்டப் பயங்கரவாதமாகிவிடும் என்ற பொருளில் எச்சரித்தது. தீர விசாரிக்காமல் யாரையும் கைது செய்யக் கூடாது என்பது எல்லாக் குற்றத்துக்கும் நல்ல விதிதான். ஆனால் திருட்டுப் புகார் கொடுப்பவரை இந்த நாடு இப்படிச் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை. அடிபட்ட கையோடு காவல் நிலையத்துக்குப் போன என் தோழியிடம் அங்கிருந்தவர், "குடும்பம்னா நாலு இருக்கும்மா, அனுசரிச்சுப் போ" என்றார். அவள் அழுதாள். அது நீலிக் கண்ணீர் கணக்கில் போயிற்று. அவள் அந்த வீட்டிலேயே செத்திருந்தால் ஆர்.டி.ஓ. வந்திருப்பார்.

இதனால்தான் ஜப்பானியப் பேய்ப் படமான 'ரிங்' எனக்கு மற்றப் படங்களைவிட முக்கியம். கோஜி சுசுகியின் நாவலை வைத்து ஹிதியோ நகாதா 1998இல் எடுத்த படம். ஜப்பானியருக்கும் கிணற்றுப் பெண்கள் பழக்கமானவர்கள்தான். கிணற்றில் தள்ளப்பட்டு, இல்லாத பத்தாவது தட்டைத் தேடி இரவெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கும் வேலைக்காரி ஒகிகு அங்கே பழைய கதை. 'ரிங்'கில் கிணற்றில் கிடப்பவள் சதாக்கோ. அவளுடைய அம்மாவுக்கு அபூர்வ சக்தி உண்டு. நிருபர்கள் நிறைந்த அரங்கில் அந்த அம்மா அதைச் செய்து காட்ட, அவர்கள் எழுந்து மோசடி என்று கத்துகிறார்கள். பிறகு அந்த அம்மா எரிமலையில் குதித்துவிடுகிறாள். மகளைக் கிணற்றில் தள்ளியவர் அப்பா ஸ்தானத்தில் இருந்த பேராசிரியர்.

கதையின் நாயகி ரெய்கோ ஒரு பத்திரிகையாளர், விவாகரத்தானவள், ஒரு பையனுக்கு அம்மா. சதாக்கோவின் சாபத்தைத் தீர்க்கக் கிணற்றுக்குள் இறங்குகிறாள். சேற்றில் கிடக்கும் எலும்புகளை எடுத்துப் பிள்ளையைப் போல மார்போடு அணைத்துக்கொள்கிறாள். நம் ஊர்ப் படமாக இருந்தால் அங்கே சுபம் போட்டிருப்பார்கள். ஆத்மா சாந்தியடைந்து, ஒரு வெளிச்சம் வானத்துக்குப் போயிருக்கும். 'ரிங்'கில் அதற்குப் பிறகுதான் சதாக்கோ தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து ஊர்ந்து வெளியே வருகிறாள்.

விடுதியில் ஆறு பேர் ஒரே போர்வைக்குள் ஒடுங்கி இந்தப் படத்தைப் பார்த்தோம். ஒருத்தி கோபமாகவே கேட்டாள்: "அதான் எடுத்து அடக்கம் பண்ணியாச்சுல்ல? இன்னும் என்னதான் வேணுமாம் அவளுக்கு?" நல்ல கேள்வி. எல்லா ஊரும் எல்லாப் பெண்ணிடமும் கேட்கும் கேள்வி. அதான் மன்னிப்புக் கேட்டாச்சே, அதான் படிக்க வச்சோமே, அதான் சட்டம் இருக்கே, இன்னும் என்ன? சதாக்கோ பதில் சொல்வதில்லை. அவளுடைய வீடியோவைப் பிரதியெடுத்து இன்னொருவருக்குக் காட்டினால்தான் உயிர் பிழைக்கலாம் என்பது மட்டும் ரெய்கோவுக்குப் புரிகிறது. எனக்கு நடந்ததை எல்லோரும் பாருங்கள் என்பதே அந்தச் சாபம் என்று நான் வாசிக்கிறேன். சாந்தி வேண்டாம் என்று மறுத்த பேய் என்பதால் சதாக்கோவை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அவளும் செத்தவள்தான்.

இரண்டாவது நிபந்தனை, சிறுமியாக இருப்பது. இதில் அனிமேவை மிஞ்ச ஆளில்லை. குட்டைப் பாவாடைப் பள்ளிச் சிறுமிகள்தான் உலகத்தைக் காப்பாற்றுகிறார்கள். கேமரா மட்டும் உலகத்தைப் பார்க்காமல் பாவாடையைப் பார்க்கிறது. இந்த வக்கிரத்தைக் கண்டுகொள்ளாமல் 'கலை' என்று பேசும் ரசிகர்களோடு எனக்குப் பேச்சில்லை. ஆனால் 2011இல் வந்த 'மடோகா மாகிகா' என்ற பன்னிரண்டு பகுதித் தொடர் இந்த விளையாட்டின் கணக்குப் புத்தகத்தையே திறந்து காட்டியது.

க்யூபே என்ற வெள்ளைப் பிராணி பதினான்கு வயதுப் பெண்களிடம் வருகிறது. உன் ஆசை ஒன்றை நிறைவேற்றுகிறேன், பதிலுக்கு நீ மாயச் சிறுமியாகி மந்திரக்காரிகளோடு சண்டை போட வேண்டும் என்கிறது. அந்த மந்திரக்காரிகள் யாரென்று பின்னால்தான் தெரிகிறது. நம்பிக்கை இழந்த மாயச் சிறுமிகள்தான் அப்படி ஆகிறார்கள். நம்பிக்கை நிராசையாகும் நொடியில் வெளிப்படும் ஆற்றலை அறுவடை செய்து, பிரபஞ்சத்தை அணையாமல் காப்பது க்யூபேயின் வேலை. வளரும் பருவத்துப் பெண்ணின் மனதிலிருந்துதான் அதிக ஆற்றல் கிடைக்கிறதாம். அதற்கு வெறுப்பும் இல்லை, குரூரமும் இல்லை. சாந்தமாகப் புள்ளிவிவரம் சொல்கிறது.

சயாகா என்ற பெண் தான் விரும்பும் பையனின் கை குணமாக வேண்டும் என்று கேட்டு, தன்னையே கொடுத்துவிடுகிறாள். அவன் வேறு பெண்ணோடு போய்விடுகிறான். ஒரு நாள் ரயிலில், தங்களுக்குச் சம்பாதித்துக் கொடுக்கும் பெண்ணைப் பற்றி இரண்டு ஆண்கள் நாயைப் பற்றிப் பேசுவது போலப் பேசிச் சிரிப்பதைக் கேட்கிறாள். இந்த உலகத்தையா நான் காப்பாற்றுகிறேன் என்று உடைந்து மந்திரக்காரியாகிறாள். என் பதிமூன்று வயது மகளோடு சேர்ந்து பார்த்தேன். "அம்மா, பெரியவளானா எல்லாரும் வில்லியா ஆயிடுவாங்களா?" என்று கேட்டாள். ஜப்பானிய மொழியில் 'ஷோஜோ' என்றால் சிறுமி, 'மாஜோ' என்றால் மந்திரக்காரி. இன்று சிறுமி, நாளை மந்திரக்காரி என்று க்யூபேயே அந்தச் சொற்களை வைத்து விளக்குகிறது. நம் வீட்டிலும் இதே கணக்குதான். பத்து வயதில் வாயாடினால் 'சுட்டி', இருபத்தைந்தில் 'திமிர்', நாற்பதில் 'பஜாரி'.

கடைசியில் மடோகா எல்லாச் சிறுமிகளையும் காப்பாற்றத் தன் இருப்பையே துறக்கிறாள். பெற்ற அம்மாவுக்குக்கூட அவளைத் தெளிவாக நினைவில்லாமல் போகிறது. அழகான முடிவு என்று உலகமே கொண்டாடியது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சுரண்டலைக் கண்டுபிடித்த பெண்ணுக்கும் தியாகத்தைத் தவிர வேறு வழி காட்ட முடியாதா? க்யூபே மட்டும் அப்படியே இருக்கிறது!

மூன்றாவது நிபந்தனை, ஆண் கை படாமல் இருப்பது. ஆண்ட்ரே நார்ட்டன் 1963இல் எழுதிய 'விட்ச் வேர்ல்ட்' ஒரு பக்கம் மந்திரமும் இன்னொரு பக்கம் வேற்றுலக இயந்திரங்களும் மோதும் நாவல். ஆண்ட்ரே என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், எழுதியவர் பெண். ஆலிஸ் மேரி என்ற பெயரோடு பையன்களுக்கான புத்தகச் சந்தையில் நிற்க முடியாது என்று பெயரை மாற்றிக்கொண்டவர். அவருடைய எஸ்ட்கார்ப் நாட்டை மந்திரக்காரிகள் ஆள்கிறார்கள். ஆணோடு சேர்ந்தால் சக்தி போய்விடும் என்பது அங்கே நம்பிக்கை. ஜெய்லித் என்பவள் காதலுக்காகச் சக்தியை விடத் துணிந்து மணம் செய்துகொள்கிறாள். அடுத்த நாவலில் பார்த்தால் சக்தி எங்கும் போகவில்லை, அவளிடமே இருக்கிறது! ஆனால் பழைய இடம் அவளுக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. சக்தி போய்விடும் என்பது இயற்கை விதியே இல்லை. அது ஒரு நிர்வாக விதி. கல்யாணத்துக்குப் பிறகு 'இனி எதற்கு வேலை' என்று ராஜினாமா எழுத வைக்கப்பட்ட பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த மூன்று நிபந்தனைகளையும் மீறிய கதைகள் இல்லாமல் இல்லை. இருக்கின்றன என்பதால்தான் நான் சண்டை போடுகிறேன். மியாசாகியின் 'இளவரசி மோனோனோகே'யில் எல்லோரும் ஓநாய் வளர்த்த பெண் சானைக் கொண்டாடுவார்கள். எனக்கு எபோஷிதான் ஆள். விபச்சார விடுதிகளில் விற்கப்பட்ட பெண்களை மீட்டு இரும்பு உலையில் வேலை கொடுக்கிறாள். தொழுநோயாளிகளின் புண்ணைத் தன் கையால் துடைக்கிறாள். காட்டை அழிக்கிறாள், துப்பாக்கி செய்கிறாள், தப்பும் செய்கிறாள். அதற்கு விலையாக ஒரு கையை இழக்கிறாள். ஆனால் சாவதில்லை. இன்னொரு நல்ல ஊரை முதலிலிருந்து கட்டுவோம் என்கிறாள். தவறு செய்யவும், அதற்குப் பிறகும் உயிரோடு இருக்கவும் ஒரு பெண்ணை அனுமதித்த கதை அது.

ஆக்டேவியா பட்லர் 1980இல் எழுதிய 'வைல்ட் சீட்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1690இல் மேற்கு ஆப்பிரிக்காவில் தொடங்கும் கதை. அன்யான்வுவுக்கு வயது முந்நூறு. பல கணவர்கள், ஏராளமான பிள்ளைகள். சிறுத்தையாகவும் டால்ஃபினாகவும் மாறுவாள். தன் உடம்புக்குள்ளேயே நோயை ஆராய்ந்து மருந்து கண்டுபிடிப்பாள். அவளை ஆள வரும் டோரோ உடம்பு விட்டு உடம்பு தாவும் சாகாத ஆவி. மனிதர்களைக் கால்நடை போல இனவிருத்தி செய்பவன். அடிமைக் கப்பல்களின் காலத்தில் ஒரு கறுப்பினப் பெண் எழுதிய இந்த எஜமான் யாரென்று சொல்லத் தேவையில்லை. கடைசியில் அவள் போதும், சாகிறேன் என்று முடிவெடுக்க, அவன்தான் அழுது கெஞ்சுகிறான். அவளுடைய நிபந்தனைகளுக்கு இறங்கி வருகிறான். அவள் உயிரோடு இருக்கிறாள். முழு வெற்றி இல்லை. ஆனால் பேரம் பேசியவள் பேயில்லை, கன்னியில்லை, குழந்தையில்லை. பேரன் பேத்தி எடுத்த கிழவி!

இதெல்லாம் அந்நியச் சரக்கு, நம் மண்ணுக்கு ஒட்டாது என்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. ரொக்கேயா சகாவத் ஹுசைன் என்ற வங்காளப் பெண் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் முதலில் அச்சானது நம் சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு பெண்கள் பத்திரிகையில். அதைப் பள்ளிப் பாடத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தக் கதையின் பெண்கள் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து சமைக்கிறார்கள். பெண்கள் பல்கலைக்கழகம் நடத்துகிறார்கள். மேகத்திலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள், சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறார்கள், ஆகாய வண்டியில் போகிறார்கள். படையெடுத்து வந்த எதிரியைச் சூரிய ஒளியைத் திருப்பி விரட்டியதும் அவர்கள்தான். தினம் இரண்டு மணி நேர வேலை போதுமாம்.

அதில் எந்தப் பெண்ணும் கொல்லப்படவில்லை. யாரும் தலைவிரி கோலமாக வரவில்லை. யாரும் உலகத்துக்காகத் தன்னை அழித்துக்கொள்ளவில்லை. எழுதியபோது ரொக்கேயாவுக்கு இருபத்தைந்து வயதுதான். அதைப் படித்துவிட்டு அவர் கணவர், இது பயங்கரமான பழிவாங்கல் என்றாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பெண்கள் உயிரோடும் நிம்மதியாகவும் அறிவோடும் இருப்பதே போதுமான பழிவாங்கல் என்று அந்த மனிதருக்குப் புரிந்திருக்கிறது. நூற்றிருபது வருடம் கழித்தும் நம் திரைக்கதை ஆசிரியர்களுக்கு அது புரியவில்லை.

கல்லூரியில் கதை எழுதும், குறும்படம் எடுக்கும் தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். பேய்க் கதை எழுதுங்கள், விண்வெளிக் கதை எழுதுங்கள், மாய உலகம் கட்டுங்கள். "இதெல்லாம் உருப்படியா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். ஆனால் உங்கள் கதாநாயகிக்குக் கோபம் வர வேண்டும் என்பதற்காக முதல் பக்கத்திலேயே அவளைக் கொல்லாதீர்கள். அவளுக்கு நாற்பது வயது இருக்கட்டும். மூட்டுவலி இருக்கட்டும், வீட்டுக் கடன் இருக்கட்டும், சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை இருக்கட்டும். அவள் காவல் நிலையத்துக்குப் போய் ஒரு புகார் கொடுக்கட்டும். எதிரே இருப்பவர் அதை நம்பட்டும்.

இதைவிடப் பெரிய மாயக் கதையை இந்த நாட்டில் இப்போதைக்கு யாராலும் எழுத முடியாது.